சேற்றில் நிமிர்ந்து நிற்கும் படகு

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிறது பத்திப் போன பகுதியில பேசினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "4000 பவுண்டுக்குள்ள, ரெண்டு பிள்ளைங்களோட போய்வர ஒரு பழைய படகு கிடைக்குமா?" கிடைக்கும். இங்கிலாந்துல 1970கள்ல கட்டின ஃபைபர் படகுகள் அந்த விலைக்கு நிறையவே விற்பனைக்கு வருது. நானும் என் மனைவியும் ரெண்டு மாசமா அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். அதனால இன்னைக்குப் பேசப்போறது பெரும்பாலும் எங்க வீட்டு விவகாரம்.

முதல்ல ஒண்ணு. படகைத் தேடறதுக்கு முன்னாடி அதைக் கட்டிப்போடற இடத்தைத் தேடுங்க. எசெக்ஸ் கரை எப்படிப்பட்டதுன்னு தெரியணும்னா சவுத்எண்ட் பாலத்தைப் பாருங்க. 2 கிலோமீட்டருக்கு மேல கடலுக்குள்ள நீளுது. வேடிக்கைக்காக அவ்வளவு நீளம் கட்டலை. தண்ணி வத்தினா கரையிலிருந்து கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சேறுதான், கப்பல் கிட்ட வரவே முடியாது. லீ பக்கம் இருக்கிற ஓடைகளும் அப்படித்தான். கடல் ஏறி உச்சத்துக்கு வர்ற நேரத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் மட்டும் படகு மிதக்கும். மிச்ச நேரம் சேத்துல உக்காந்திருக்கும்.

அப்போ ஏன் அங்கே கட்டணும்? வாடகைதான் காரணம். எந்நேரமும் தண்ணி நிக்கிற மரினாவுல வருஷ வாடகை, நாங்க வாங்க நினைக்கிற படகு விலைக்குச் சமமாவோ அதுக்கு மேலயோ போகுது. சேத்துல கட்டற இடத்துக்கு நாங்க கேட்ட ரெண்டு எடத்துலயும் சில நூறு பவுண்டுதான். படகோட விலையை ஒரு தடவை கொடுக்கறோம், வாடகையை வருஷா வருஷம் கொடுக்கணும்.

இப்போ கீல். படகோட அடியில துருத்திக்கிட்டு இருக்கிற கனமான பகுதி. நம்ம ஊர்ப் படகு கட்டறவங்க ஏரான்னு சொல்வாங்க. காத்து பக்கவாட்டுல தள்ளும்போது படகு வழுக்கிப் போகாமலும் கவிழாமலும் பாத்துக்கிறது அதுதான். நடுவுல ஒத்தைக் கீல், ஆழமா, மீன் துடுப்பு மாதிரி இருந்தா படகு காத்தை எதிர்த்து நல்லா ஏறும். ஆனா தண்ணி வத்தினா சாஞ்சு படுத்துக்கும். ரொம்ப மெத்துன்னு சேறு இருந்தா கீல் அதுக்குள்ள புதைஞ்சு நிமிர்ந்து நிக்கிறதும் உண்டு. அந்த இடத்துல ஏற்கெனவே கட்டியிருக்கிற பக்கத்துப் படகுக்காரர்கிட்ட கேட்காம அதை நம்பிடாதீங்க.

ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா ரெட்டைக் கீல் இருந்தா, படகு ரெண்டு காலை ஊன்றி நிக்கும். உள்ள சமைக்கலாம், பிள்ளைங்க தூங்கலாம். வேகம் குறையும், காத்தை எதிர்த்துப் போறப்போ பக்கவாட்டுல கொஞ்சம் வழுக்கும். பந்தயக்காரங்க கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும். மூணாவது வகை, தூக்கி இறக்கற பலகை. டிராஸ்கோம் லகர் அந்த மாதிரி. பலகையைத் தூக்கிட்டா ஒரு அடித் தண்ணி கூட வேண்டாம். அழகான படகு, ஆனா அறை கிடையாது, மழை வந்தா குடும்பமே நனையும். அதுவுமில்லாம, பலகை போற இடுக்குல கல்லும் சேறும் மாட்டிக்கும்.

ரெட்டைக் கீல்ல ரொம்பப் பேர் தேடறது வெஸ்டர்லி சென்டார். 26 அடி நீளம், சுமார் 3 டன், 3 அடித் தண்ணி போதும். 1969லிருந்து 1980 வரைக்கும் ரெண்டாயிரத்துக்கு மேல கட்டியிருக்காங்க. அதனால உதிரி பாகமும் அனுபவசாலிகளும் சுலபமா கிடைக்கும். நாலு பேருக்கு அது பெருசுன்னு தோணினா லெஷர் 17 இருக்கு, 17 அடி. ஆனா அதுல ராத்திரி தங்கறதுக்கு ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப நேசிக்கணும்.

நாங்க பாத்ததுல கடைசியா ரெண்டு படகு நின்னுது. ஒண்ணு 1500 பவுண்டு, ஒத்தைக் கீல், வழவழன்னு பெயின்ட். இன்னொண்ணு 3800, சென்டார், பாக்க அழுக்கு. எனக்கு முதல் படகு மேல ஆசை. மனைவி கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி வத்தறப்போ நாம உள்ள இருந்தா, இது எந்தப் பக்கம் சாயும்? சின்னவன் எங்க தூங்குவான்?" அதோட பேச்சு முடிஞ்சுது.

சென்டாரை, தண்ணி வத்தி அது சேத்துல நிக்கிற நேரத்துக்குப் போய்ப் பாத்தோம். நீங்களும் அப்படியே போங்க, முழங்கால் பூட்ஸோட. மிதக்கிற படகு தன்னோட குறையை மறைச்சுக்கும். கீலும் உடலும் சேர்ற இடத்துல விரிசலோ துருக்கோடோ இருக்கான்னு பாருங்க. அலை அடிக்கிற இடத்துல, ஒவ்வொரு ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் படகு தரையில தட்டித் தட்டி அந்த இடம்தான் தளரும். அப்புறம் உள்ள போய்த் தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட் பக்கம் தண்ணி நிக்குதான்னு பாருங்க.

இன்னொரு சின்னப் பரிசோதனை. பாய்மரம் மேல்தளத்துல நிக்கிற படகுகள்ல, அதுக்குக் கீழ கழிப்பறைக் கதவு இருக்கும். கதவைத் திறந்து மூடுங்க. இடிச்சா, இல்ல சட்டத்துல உராய்ஞ்ச தடம் இருந்தா, பாரத்துல மேல்தளம் அமுங்கியிருக்கலாம். விக்கிறவர் "ஈரத்துல மரம் ஊதிடுச்சு"ன்னு சொல்வார். அதுவும் இருக்கலாம், அதனாலதான் சர்வேயர் வேணும்.

இன்ஜினை நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி ஓட்டி வச்சிருக்காங்களான்னு கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, குளிர்ல கிளம்பாதுங்கிறதை மறைக்கிறாங்களோன்னு ஒரு கேள்வி வந்துடும். புது டீசல் இன்ஜின் மாத்தற செலவு, இந்த விலைப் படகை விடவே அதிகம். பாய்மரத்தைத் தாங்கற கம்பிகளோட வயசையும் கேளுங்க. பத்து வருஷம் தாண்டினா பல காப்பீட்டு நிறுவனங்கள் மாத்தச் சொல்லும்.

"இலவசம், எடுத்துட்டுப் போங்க"ன்னு வர்ற விளம்பரத்துல எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபைபர் மக்காது. படகு உங்க பேருக்கு வந்த நாள்லயிருந்து கட்டற இடத்து வாடகை, காப்பீடு, கடைசியா உடைச்சு அப்புறப்படுத்தற செலவு எல்லாம் உங்க தலையில. காகிதமும் பாருங்க. விக்கிறவர் எப்படி உரிமையாளர் ஆனார்ங்கிற பழைய விற்பனைப் பத்திரங்கள் வேணும். சிறு கப்பல் பதிவுச் சான்று மட்டும் காட்டினா, அது உரிமைக்கு ஆதாரம் இல்லை.

பிள்ளைங்களோட போறவங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 12 மணி நேரம் 25 நிமிஷம். திரும்பி வர்றதுக்கு அரை மணி தாமதமானா, கட்டற இடத்துக்குள்ள நுழைய முடியாம ராத்திரி பூரா வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க நேரலாம். சேத்துல இறங்கி நடந்து கரைக்குப் போயிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, இடுப்பு வரைக்கும் இழுத்துடும், அதுக்குள்ள தண்ணி திரும்ப ஏறிடும். ஒரு ராத்திரிக்குச் சாப்பாடு, தண்ணி, கம்பளி எப்பவும் படகுல இருக்கணும். பிள்ளைங்க உயிர்காப்பு உடைக்குக் காலிடுக்குப் பட்டை கண்டிப்பா வேணும், இல்லைன்னா தண்ணியில விழுந்ததும் உடை மட்டும் தலைக்கு மேல போயிடும்.

சென்டாருக்கு 10 சதவீதம் முன்பணம் கொடுத்திருக்கோம். சர்வே அறிக்கை சரியில்லைன்னா பணம் திரும்ப வரணும்னு எழுதி வாங்கிட்டோம். வர்ற சனிக்கிழமை படகைக் கரைக்குத் தூக்கறாங்க. சர்வேயர் கீல் பக்கம் என்ன சொல்றார்ங்கிறதை அடுத்த பகுதியில சொல்றேன். வேற படகு பாத்து வச்சிருக்கிறவங்க, சேத்துல நிக்கறப்போ எடுத்த படத்தை அனுப்புங்க.