சங்கிலி போன இடத்தில்

செம்பூரிலிருந்து தாணே மனநல மருத்துவமனைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் நர்சம்மாள் குர்லாவில் வண்டி மாறவேண்டும். காலையில் நகரை நோக்கிப் பாயும் கூட்டத்திடையே நின்றபடியே திரும்புகிறார். "இராத்திரி எப்படி அக்கா?" என்று வீட்டில் கேட்டால், "போயிற்று" என்பதே விடை. நோயாளியின் செய்தியை வெளியிற் சொல்லலாகாது. ஆகவே பாரத்தை இறக்கவும் இடமில்லை.

1901-இல் தோன்றிய அம்மருத்துவமனை 1,850 படுக்கைகள் கொண்டதாக வளர்ந்தது. அத்தகைய இடத்தில் நர்சின் வேலை யாது? மருந்து கொடுப்பது சிறு பகுதியே.

2001 ஆகஸ்டு 6-இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதைத் தமிழர் மறந்திரார். 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே விலக்கியது. கட்டிவைப்பதையும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் அனுமதிக்கிறது. மிக நன்று. ஆனால் சங்கிலி போன இடத்தில் வந்து நிற்பது எது? நர்சின் பொறுமை. சீறுபவரிடம் குரலுயர்த்தாது பேசவேண்டும். உணவை மறுப்பவரருகே அரைமணி அமரவேண்டும். வசையைக் கேட்டும் முகம் மாறலாகாது. வைவது நோயே என்று அறிவு உணரும்; படபடக்கும் நெஞ்சு உணர்வதில்லை. ஒருவரே பலரைக் கவனிக்க நேர்ந்தால் அப்பொறுமை எத்தனை நாள் நிற்கும்?

லண்டன் பொது மருத்துவமனையொன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் அம்மையார் 1960-இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். மன வேதனைக்கு அஞ்சி, எந்த நர்சும் ஒரு நோயாளியிடம் நெடுநேரம் தங்காதவாறு வேலை துண்டு துண்டாக்கப்பட்டிருந்ததாம். வேதனை குறையவில்லை; பணியின் நிறைவுதான் போயிற்று. பேச்சே மருந்தாகும் மனநலப் பிரிவில் இவ்விலகல் இருபாலார்க்கும் கேடு.

இந்நிலையை ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்பர். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இச்சொல் தொல்லை தருவது. 'சோர்வு' என்றால் ஓய்ந்தால் தீரும் என்றாகிறது. அடிப்பிடித்த பாலை யார் ஆற்றித் தேற்ற முடியும்? 2019-இல் உலக சுகாதார அமைப்பு ஏற்ற நோய்ப் பட்டியல் இதனை நோயென்னாது, பணியிடத்தைச் சார்ந்த நிலையென்றே குறித்தது. அப்படியாயின் மாற்ற வேண்டியது நர்சின் மனத்தையன்று, பணியின் அமைப்பையே.

மக்கட்தொகைக்கேற்ற அளவில் மனநலப் பணியாளரைப் பெறப் பத்தாண்டுக்குள் நடவடிக்கை எடுக்குமாறு அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு அரசுகளைப் பணிக்கிறது. அக்கெடு 2028 மே மாதம் வரைதான்.

அதுவரை நம்மாலாவது? தாராவியின் ஒற்றையறை வீட்டிலும் மாதுங்காவின் மாடியிலும் இரவுப்பணி முடித்தவர்க்குப் பகலே இரவு. சமையலையும் பிள்ளைகளையும் அவ்வேளையில் பிறர் ஏற்கலாம். அவர் உறங்கும்போது வானொலியைத் தாழ்த்தி வையுங்கள். ஒலிப்பது நம் உரையேயானாலும் நமக்குக் குறையில்லை.