செய்னி மாவட்டத்து அயலவர்

போலந்து நாட்டின் வடகிழக்குக் கோடியில், லித்துவேனியாவின் எல்லையை அடுத்து, ஏரிகளும் காடுகளும் சூழச் செய்னி மாவட்டம் அமைந்திருக்கின்றது. அது பரப்பிற் பெரியதன்று, செல்வத்திற் சிறந்ததுமன்று. செய்னி நகரமும் அதனைச் சூழ்ந்த நான்கு கிராமப் பிரிவுகளுமே அதன் உறுப்புக்கள். ஆயினும், ஒரே மண்ணில் இரு மொழியினர் அயலவராய் வாழ்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இச்சிறு மாவட்டம் தேடிய விடை நேயர்களின் சிந்தனைக்கு உரியது.

முதலாம் உலகப் போரின் பின் இரு நாடுகளும் இப்பிரதேசத்துக்கு உரிமை கோரின. 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்குள்ள போலந்தியர் லித்துவேனிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டு வரை நகரம் பன்முறை கைமாறியது. ஈற்றில் அது போலந்தின் வசமாயிற்று. லித்துவேனியர் பலர் எல்லைக்கு இப்பால் அமைந்துவிட்டனர். அப்பகையின் வடு நெடுங்காலம் மறையவில்லை.

வழிபாடே இதற்குத் தக்க சான்று. செய்னிப் பேராலயத்தில் 1902ஆம் ஆண்டு அடக்கஞ் செய்யப்பட்ட மேற்றிராணியார் அந்தானாஸ் பரனௌஸ்காஸ், லித்துவேனிய மொழியின் பெருங்கவிஞருள் ஒருவர். அவ்வாலயத்திலே அவர்தம் மொழியிற் பூசை நடத்தும் உரிமையை, நெடுநாட் கேட்டு, லித்துவேனியர் 1983ஆம் ஆண்டிலேதான் பெற்றனர்.

புன்ஸ்க் என்னும் பிரிவில், 2002ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் லித்துவேனியர். அங்கே பிள்ளைகள் தாய்மொழியிற் கற்கின்றனர். நூற்றுக்கு இருபது பேருக்குக் குறையாத சிறுபான்மையினர் வாழும் பிரிவில் அவர்தம் மொழியைத் துணைமொழியாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. மறு ஆண்டே புன்ஸ்க் அவ்வுரிமையை ஏற்றது; 2008ஆம் ஆண்டில் ஊர்ப்பெயர்கள் இரு மொழியிலும் பொறிக்கப்படலாயின. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் யாரோ சிலர் லித்துவேனியப் பெயர்களின்மேல் வர்ணம் பூசி மறைத்தனர். பலகைகள் மீண்டும் துலக்கப்பட்டன.

எனினும், மீட்க முடியாத இழப்பும் ஒன்றுண்டு. செய்னியில் வாழ்ந்த யூதர்களை 1939ஆம் ஆண்டில் ஜேர்மானியர் துரத்தினர். அவர்தம் வெண்ணிறச் செபக்கூடம் பண்டகசாலையாயிற்று. 1990ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ‘எல்லைப்புலம்’ என்னும் பொருள்படும் மன்றம், பின்னர் அதனைக் கலைகளுக்குரிய இடமாக்கியது. பல இனத்துச் சிறுவரும் தத்தம் முதியோரிடம் ஊரின் பழங்கதைகளைக் கேட்டறிந்து, அவற்றை நாடகமாக நடித்தனர். யூதரின் இசையையும் இளைஞர் பயின்று இசைத்தனர்.

இசைக்க ஆளுண்டு, அவ்விசைக்கு உரியவர் இல்லை. அயலவரை இழந்தபின் அவர் நினைவைப் போற்றுவது நன்றே. அவர் அருகிருக்கும்போதே அவர்தம் மொழிக்கு ஆலயத்திலும் பாடசாலையிலும் தெருப்பலகையிலும் இடமளிப்பது அதனினும் நன்று.