தேனீயும் நம் உணவும்

1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இக்கொள்ளேகாலுக்கு அண்மையில் பிலிகிரிரங்கன் மலை உள்ளது. அங்கு வாழும் சோலிகர் தேனெடுக்கும்போது ஒரு பகுதியைத் தேனீக்களுக்கென விட்டுவைப்பர். அந்தப் பண்பு நமக்கும் வேண்டும்.

பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைத் தேனீ சுமந்து சேர்க்காவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். 1991-92இல் புழுக்களைத் தாக்கும் நச்சுயிரி நோய் பரவித் தென்னாட்டு அடுக்குத் தேனீக்கள் பெரிதும் அழிந்தன. அத்தகைய அழிவை நாமே மருந்தால் விளைவிக்கலாமா?

பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்தைத் தவிர்ப்போம். இயலாவிடில், தேனீக்கள் கூடடைந்த பின் மாலையில் தெளிப்போம். வேலியோரம் புங்கும் முருங்கையும் நடுவோம். கூடுகளுக்குத் தீயிடாதிருப்போம். தேனீ வாழ்ந்தால் நம் இலையில் காய்கறி குறையாது.