இரண்டு சர்க்காருக்கும் மனுப்போட்டவன் துரோகியா?

(இராஜபாளையம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களைப் பற்றி நம்மவரில் சிலர், "அங்கேயும் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டான், இங்கேயும் போட்டான், ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைத்தவன் படுகிறான், தலைவிதி!" என்கிறார்கள். இதில் துரோகம் யாருடையது, விதி எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியது அவர்கள் உழைப்பு. 1948-இல் இலங்கை சர்க்கார், "உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா? ருஜுக் காட்டு" என்று சட்டம் செய்தது. லயத்தில் பிறந்த கூலிக்கு ருஜு ஏது?

1949-இல் இன்னொரு சட்டம் வந்தது. மணமானவர் 7 வருஷமும், ஆகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்டவேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்கு மனுச் செய்யப்பட்டது. 1964 வரை உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. நம் அரசியல் சட்டத்தின் 8-வது விதியோ, பாட்டன் பாட்டி இந்தியாவில் பிறந்திருந்தால் தூதரிடம் பதிந்துகொள்ளலாம் என்றது. ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தட்டாமல் என்ன செய்வான்?

1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் 9,75,000 பேரை மந்தையாடுபோல் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாக்கினார்கள். ஆடுகளைக் கேட்டா பங்கிடுகிறார்கள்? இலங்கையைக் கேட்டவர் பங்குக்கு மேலாகவும், இந்தியாவைக் கேட்டவர் பங்குக்குக் குறைவாகவும் இருந்தார்கள். தள்ளிவிடுவானோ என்று பயந்து இரண்டுக்கும் மனுப்போட்டவர்களும் உண்டு.

தோழர்களே! நம் ஊரில் வேலையில்லாதவன் இரண்டு பஞ்சாலைக்கு மனுப்போட்டால் துரோகி என்போமா? இரண்டு சர்க்காரும் கைவிட்டதை மறைக்கவே அவன்மேல் பழி. தகப்பன் ஜாதியைக் கேட்டு மனிதனை ஒதுக்கிய மனுதர்மத்திற்கும், தகப்பன் பிறந்த ஊரைக் கேட்டு ஒதுக்கும் சட்டத்திற்கும் என்ன பேதம் என்று கேட்கிறோம்.

விதி என்பது உண்மையானால், 2003-இல் இலங்கைப் பார்லிமெண்டு ஒரு சட்டத்தால் அதை மாற்றியதெப்படி? 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் உரிமை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் இழுத்துக் கிடைத்ததல்ல. சட்டம் மாறியதால் கிடைத்தது.

ஆனால் யுத்தத்திற்குப் பயந்து ஓடிவந்து, நம் நாட்டு முகாம்களிலேயே எந்த நாட்டுப் பிரஜையும் ஆகாமல் இருக்கும் மலையகத்தார் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் டில்லி செய்த பிரஜாவுரிமைச் சட்டம் மூன்று நாடுகளைச் சொல்லி, மதத்தையும் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை.

ஆகவே "சிலோன்காரன்" என்று ஏளனம் செய்வதை இன்றோடு விடுங்கள். படித்தவர்கள் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், "அவர்கள் ஓட்டு எங்கே?" என்று கேளுங்கள். மனிதன் எழுதிய சட்டத்தை மனிதனே திருத்த முடியும்.