புல்லட் சீட்டு: இரண்டு முறை மாற்றியவனின் அனுபவம்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழே பழைய புல்லட்டைப் பார்த்து, "சார், சீட்டு எங்கே மாத்துனீங்க?" என்று நம் பிள்ளைகள் பலர் கேட்கிறார்கள். மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

புல்லட் பல ஆண்டுகள் சென்னைத் திருவொற்றியூரில் உருவான வண்டி. என்னுடையது 1989-இல் வங்கி ஊழியர் கடனில் வாங்கியது. கடன் அடைந்துவிட்டது, இடுப்புவலி மட்டும் பாக்கி. அதற்காகத்தான் சீட்டில் கைவைத்தேன்.

முதலில் போட்டது ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு. பின்னால் சின்னதாக ஒரு வட்டத் திண்டு. அந்தக் காலப் புல்லட்டிலும் ஸ்பிரிங் சீட்டுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கடையில் கட்டைவிரலால் அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போனது. பணத்தைக் கொடுத்துவிட்டேன். அழகைக் கெடுக்கிறதென்று கைப்பிடியையும் சேலை கார்டையும் கழற்றிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

சிவகாசியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டோம். ஆமத்தூர் வருவதற்குள் பஞ்சு அமுங்கி, தகட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். திருத்தங்கல் பக்கம் ஒரு வேகத்தடையில், ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த மனைவி சறுக்கி, என் சட்டைக் காலரைப் பிடித்துத் தப்பினாள். முந்தானை சக்கரக் கம்பியில் உரசிக் கிழிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் வந்தாள்.

அதன்பிறகுதான் சட்டத்தைப் புரட்டினேன். (வேலையில் இருந்தபோது சுற்றறிக்கை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை!) மோட்டார் வாகனச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி, பின்னால் உட்காருபவருக்கு உறுதியாகப் பொருத்திய முறையான சீட்டு வேண்டும். 1989-ஆம் ஆண்டு விதிகளில் 123-ஆவது விதி கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றையும் கேட்கிறது. நான் கழற்றிப் போட்டதில் இரண்டு அதில் இருந்தன.

இரண்டாம் முறை வேறு கடை. பழைய நீள சீட்டின் தகட்டைத் துரு சுரண்டி, பெயிண்ட் அடித்தோம். அடியில் கெட்டியான ரீபாண்டட் ஃபோம், மேலே மெல்லிசாக மிருதுவான ஃபோம். கையால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். ஆனால் முப்பது கிலோமீட்டர் தாண்டியும் அமுங்காது. முன்பக்கம் ஒடுக்கினால் கால் தரையில் நன்றாக ஊன்றும். பின்பக்கம் அகலமாக, சரிவில்லாமல் இருக்கட்டும். ரெக்சின் தையல் மேலே வேண்டாம், மழைத்தண்ணீர் இறங்கும். ஓரத்தில் போடச் சொல்லுங்கள். கறுப்பு ரெக்சின் நம்மூர் சித்திரை வெயிலில் தோசைக்கல்தான், துண்டு போட்டு நிறுத்துங்கள். ரெக்சின் தைப்பதற்கு முன் வீட்டம்மாவையும் கடைக்குக் கூட்டிப்போய்க் கால் மணி நேரமாவது உட்காரச் சொல்லுங்கள். நான் முதலில் தவறவிட்டது அதைத்தான்.

கைப்பிடியும் சேலை கார்டும் பழையபடி ஏறிவிட்டன. போன மாதம் இருக்கன்குடி போய்வந்தோம், இருவருமாக. உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் ஞாயிறு காலையில் வரலாம். சாவி இப்போது அவளிடம்தான் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.