பண்டிகைச் சிக்கனமும் கூட்டுறவும்

(தொண்டாமுத்தூர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



கொங்கு நாட்டார் பண்டிகையை நோம்பி என்று வழங்குவர். வருஷத்தில் வரும் நோம்பிகளுள் தீபாவளியும் தைப் பொங்கலும் குடியானவர் வீட்டுச் செலவுக் கணக்கில் முதன்மையானவை. இரண்டும் ஒரே வீட்டில் நடப்பவையாயினும் அவை வரும் காலம் வேறு. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அது வடகிழக்குப் பருவ மழையை நம்பி விதைக்கும் காலம். அப்போது கையிலுள்ள பணம் பெரும்பாலும் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனேயாம். பொங்கலோ விளைந்தது வீடு சேரும் தை மாதத்தில் வருகிறது. ஆகவே பொங்கல் விளைச்சலைக் கொண்டு நடக்கும் நோம்பி. தீபாவளி பல வீடுகளில் கடனைக் கொண்டு நடக்கும் நோம்பியாகிவிட்டது.

இதனால் விளையும் கேட்டை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஓர் அங்கத்தினர் சின்ன வெங்காயச் சாகுபடிக்கென்று 40,000 ரூபாய் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12,000 ரூபாயைத் துணிக்கும் வெடிக்கும் பலகாரத்துக்கும் செலவிட்டால் நிலத்துக்குச் சேர்வது 28,000 ரூபாயே. மேலுரம் குறையும், களையெடுப்புத் தள்ளிப்போகும், மகசூல் இளைக்கும். கடன் மட்டும் இளைக்காது; அது 40,000 ரூபாயாகவே நிற்கும். தமிழ்நாட்டில் தவணைக்குள் பயிர்க்கடனைச் செலுத்துவோர் வட்டி கொடுக்க வேண்டியதில்லை. தவணை தப்பினால் அந்தச் சலுகை போய்விடும். பிறகு தவணையைச் சமாளிப்பதற்காக வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகும். ஒரு நாள் வெடித்த வெடியின் செலவு மறு தீபாவளி வரையில் வீட்டைத் தொடர்ந்து வரும்.

இதை அறியாத குடியானவர் எவருமில்லர். அறிந்தும் ஏன் செலவிடுகிறார்கள்? பக்கத்து வீட்டில் வெடிச் சத்தம் கேட்கும்போது தம் பிள்ளை திண்ணையில் வெறுங்கையுடன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எந்தத் தகப்பனுக்கும் மனம் பொறுக்காது. தலைத் தீபாவளிக்கு வரும் மகளுக்கும் மருமகனுக்கும் சீர் குறைந்தால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் தாய்க்கு உண்டு. ஒருவர் தனியே சிக்கனமாயிருந்தால் உலகம் அவரைக் கருமி என்னும். ஊரார் எல்லோரும் கூடி அதையே செய்தால் அது ஊர் வழக்கம் என்று பெயர் பெறும். ஆகையால் பண்டிகைச் சிக்கனம் தனி மனிதருக்குச் சொல்லும் புத்திமதியால் நிறைவேறாது. சங்கம் கூடிச் செய்ய வேண்டிய காரியம் அது.

இதற்கு அத்தாட்சி நம் காப்புக்கட்டு நோம்பியே. போகியன்று மாலையில் ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டு எரவாணத்திலும், மாட்டுப்பட்டியிலும், கிணற்றடியிலும், வயலிலும் செருகுகிறோம். பத்து ஏக்கர் தோட்டக்காரர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் அதே பூதான். அதற்குக் காசு இல்லை. அதனால் ஒருவருக்கு ஏற்றமும் இல்லை, மற்றவருக்குத் தாழ்வும் இல்லை. பட்டிப் பொங்கலுக்கும் மாடும் சாணமும் நீரும் போதும். பூப்பறிக்கும் நோம்பியில் பெண்கள் கூடிக் கும்மியடிப்பதற்கும் செலவு யாதுமில்லை. ஆனால் வேலியோரமெல்லாம் களைக்கொல்லி தெளித்துவிட்டால் ஆவாரையும் சிறுபீளையும் அருகிவிடும். பிறகு அவற்றையும் விலைக்கு வாங்க நேரிடும். கோயம்புத்தூர் நகரத்தார் இப்பொழுதே காப்புக்கட்டுப் பூவைச் சந்தையில்தான் வாங்குகின்றனர். வேலியைக் காப்பதும் சிக்கனத்தில் சேர்ந்ததே.

1887-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூர் ஜில்லா விவரத் தொகுப்பை வெளியிட்ட பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியே, பின்னர் 1895, 1897 ஆகிய வருஷங்களில் கிராமக் கடனைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு விரிவான அறிக்கை அளித்தார். ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராம நாணயச் சங்கங்களை அவர் எடுத்துக்காட்டினார். ஒருவரையொருவர் நன்கறிந்த அயலார் கூடி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்பதே அச்சங்கங்களின் ஆதாரம். 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அவ்வழியில் வந்ததாகும். கடனில் ஒருவருக்கொருவர் துணை நின்ற அயலார், சிக்கனத்திலும் துணை நிற்கலாகாதா?

நம் கொங்கு நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஈரோடு ஜில்லா வெள்ளோட்டில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. தீபாவளிக் காலத்தில் அங்கே பறவைகள் வந்து தங்குகின்றன. அவை வெருண்டு போகாதிருக்கும்பொருட்டுச் சுற்றுக் கிராமத்தார் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே வெடியில்லாத பிள்ளையை எவரும் ஏளனமாய்ப் பார்ப்பதில்லை. ஏனெனில் எந்தப் பிள்ளையிடத்திலும் வெடி இல்லை.

ஆதலால் ஒவ்வொரு சங்கமும் கீழ்க்கண்டவற்றைப் பேரவைக் கூட்டத்தில் ஆலோசிப்பது நலம்.

முதலாவது, நோம்பிச் சேமிப்பு. தை அறுவடைப் பணம் வந்தபின் மாசி முதல் புரட்டாசி வரையில் எட்டு மாதம், மாதம் 500 ரூபாய் சங்கத்தில் செலுத்தினால் ஐப்பசியில் 4,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கைக்கு வரும். நோம்பிச் செலவு அத்தொகைக்குள் அடங்க வேண்டும்; பயிர்க்கடனைத் தொடலாகாது.

இரண்டாவது, பலகாரம். கச்சாயம், எள்ளுருண்டை, ஒப்புட்டு முதலியவற்றை இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் கூடிச் செய்தால் விறகும் எண்ணெயும் மிச்சமாகும். பந்திக்கு வாழையிலை இருக்க, பிளாஸ்டிக் தட்டு எதற்கு? ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையும் உள்ளது.

மூன்றாவது, சீர் வரம்பு. தலைத் தீபாவளிச் சீருக்கு அங்கத்தினர் எல்லோரும் சம்மதித்து ஓர் எல்லை வகுக்கலாம். வசதியுள்ளவர்கள் முதலில் அதற்கு உட்பட்டால் மற்றவர்க்கு அச்சம் நீங்கும்.

நான்காவது, நீரும் காற்றும். பிள்ளையாரைக் களிமண்ணிலோ சாணத்திலோ பிடித்து அருகம்புல் செருகுவது நம் பழைய வழக்கம். பாரிஸ் சாந்துச் சிலைகள் கூடாதென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் நெறிமுறை வகுத்தது. சித்திரைச்சாவடி அணையிலிருந்து நொய்யல் நீர் குளங்களுக்குச் செல்கிறது. அதில் கரைக்கும் சாயம் நம் கிணற்றுக்கே திரும்பும். போகியில் பழைய பாயைக் கிழித்து எருக்குழியிலிடலாம். டயரையும் பிளாஸ்டிக்கையும் ஒருபோதும் கொளுத்தலாகாது.

இவற்றுள் மூன்றாவதே கடினமானது. அதிலேதான் குடும்பங்கள் அதிகமாகக் கெடுகின்றன. ஆகையால் பெண் அங்கத்தினர்களையும் அழைத்து, அவர்கள் சொல்லும் எல்லையையே எல்லையாக வைப்பது உத்தமம். தை அறுவடை முடிந்து கையில் பணமிருக்கும்போதே இத்தீர்மானம் நிறைவேற வேண்டும். ஐப்பசியில் கூடிப் பேசுவதால் பயனில்லை. அதற்குள் கடைக்காரர் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும்.