சிறு ரயிலுக்கு நெடும் பாலம்

பொழுதுபோக்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்லிவிடும் காரியங்களுள் சிலவற்றை நெருங்கிப் பார்த்தால், ஒரு சாஸ்திரத்துக்கு உரிய கண்டிப்பு முழுவதும் அவற்றுள் இருப்பது புலனாகும். அமெரிக்காவில் வீட்டின் நிலவறையிலோ மோட்டார் கொட்டகையிலோ மாதிரி ரயில்பாதை அமைத்து, அதில் வண்டி ஓட்டி மகிழும் அன்பர்கள் பலர் உண்டு. அந்தப் பாதை ஒரு பள்ளத்தாக்கையோ ஆற்றையோ கடக்க வேண்டி வரும்போது அவர்கள் நிர்மாணிக்கும் நீண்ட உருக்கு டிரஸ் பாலங்களைப் பற்றியும், அவற்றின் குணதோஷங்களை எதைப் பிரமாணமாகக் கொண்டு அறிவது என்பதைப் பற்றியும் இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

அங்கே பெருவழக்காக உள்ள எச்.ஓ. என்னும் அளவில், பொருள்கள் எல்லாம் 87-இல் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. உண்மைப் பாலத்தின் ஓர் அடி, மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒஹாயோ நதிக்குப் போவோம். இல்லினாய் மாநிலத்து மெட்ரோபோலிஸ் நகரையும் கென்டக்கிக் கரையையும் இணைத்து, ரால்ஃப் மோஜெஸ்கி என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் பாலம் அங்கே இருக்கிறது. அதன் பிரதானக் கண் 720 அடி. பெரிய முளைகளால் கோத்து இணைக்கும் எளிய டிரஸ் வகையில் அதைவிட நீண்ட கண் இதுவரை எழவில்லை. இதை எச்.ஓ. அளவில் அப்படியே செய்தால் இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். ஒரே ஒரு கண்ணுக்கு ஓர் அறையின் சுவர் முழுவதையும் கொடுக்க எத்தனை பேரால் இயலும்? எனவே பெரும்பாலோர் பாலத்தைக் குறுக்கியே கட்டுகிறார்கள்; கட்டுபவரின் விவேகம் முதன்முதலில் வெளிப்படுவதும் இந்தக் குறுக்கலில்தான்.

பாலத்தின் பக்கச் சட்டகத்தை நிலைச்சட்டங்கள் பல கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் நெருக்கி, நெடுக்கத்தை மட்டும் நசுக்கிவிட்டால், சாய்சட்டங்கள் செங்குத்தாக நிமிர்ந்து, எங்கும் இல்லாத ஒரு பாலம் உருவாகிவிடும். விஷயம் அறிந்தவர் கட்டத்தின் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கட்டங்களின் எண்ணிக்கையையே குறைப்பார். ஆனால் நீளம் குறையும்போது உயரமும் கூடவே குறைய வேண்டும். இவ்வகைப் பாலங்களின் உயரம் பொதுவாக நீளத்தில் ஆறில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை அமைவது. இந்தப் பொருத்தம் தவறிய மாதிரியில், ரிவெட்டு ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்தாலும், பார்வைக்கு ஏதோ ஒரு கோணல் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும்.

டிரஸ் என்பதன் ரகசியம் முக்கோணம். நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வைத்துப் பூட்டினால், பழைய கட்டிலைப் போல அது பக்கவாட்டில் ஆடும். குறுக்கே ஒரு சட்டம் கொடுத்து இரு முக்கோணங்களாக்கினால் ஆட்டம் நின்றுவிடும். தாமஸ் பிராட்டும் அவர் தந்தை காலெப் பிராட்டும் 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பில், சாய்சட்டங்கள் நடுப்பகுதியை நோக்கித் தாழ்ந்து வந்து இழுவிசையை ஏற்கின்றன. நிலைச்சட்டங்களும் மேற்சட்டமும் அமுக்கு விசையைத் தாங்குகின்றன. கீழ்ச்சட்டம் இழுபட்டு நிற்கிறது. இழுபடும் உறுப்பு மெலிந்திருக்கலாம். அமுக்கப்படும் உறுப்போ வளைந்து நொடியாதபடி பருத்து, பெட்டிபோல் அமைய வேண்டும். ஆகவே உண்மைப் பாலத்தில் ஒரு சட்டத்தின் பருமனைப் பார்த்தே அது செய்யும் தொழிலைச் சொல்லிவிடலாம். எல்லாச் சட்டங்களையும் ஒரே பட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி, எத்தனை அழகாக வர்ணம் பூசப்பட்டிருந்தாலும், பாலத்தின் தர்மத்தை அறியாதது என்றே என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். மாதிரிப் பாலம் சுமப்பது பொம்மை வண்டியைத்தானே, அதற்கு இத்தனை சாஸ்திரம் எதற்கு? கணக்கும் இந்த ஆட்சேபத்துக்கே துணை நிற்கிறது. அளவு 87-இல் ஒன்றாகக் குறையும்போது எடை 87-இன் கனமாகக் குறைகிறது. அதாவது ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. சுமையோடு 120 டன் நிறுக்கும் சரக்கு வண்டி இந்தக் கணக்கில் 180 கிராம்தான். சட்டத்தின் குறுக்குவெட்டோ 87-இன் வர்க்கமாக, சுமார் ஏழாயிரத்தைந்நூறில் ஒரு பங்காக, மட்டுமே குறைகிறது. எனவே மாதிரியின் உறுப்புகளில் ஒரே அளவு குறுக்குவெட்டு தாங்கும் சுமை, அசலில் 87-இல் ஒரு பங்கே. பாலம் ஒடியும் என்ற பயம் யாருக்கும் வேண்டியதில்லை.

ஒடியாதது தொய்யாது என்று கொள்ள முடியாது. இன்று பெரும்பாலோர் கையாளும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் விறைப்பு, உருக்கின் விறைப்பில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. எடையில் கிடைத்த சலுகையின் பெரும்பகுதியை இந்த மென்மை திரும்பப் பறித்துக்கொள்கிறது. மேலும் இடைவிடாத சுமையின் கீழ் அப்பொருள் மெல்ல மெல்ல இணங்கிக்கொடுக்கும் சுபாவம் உடையது. ஆகவே நீண்ட கண்ணைக் கட்டுபவர், கீழ்ச்சட்டத்தினுள் பித்தளைப் பட்டை ஒன்றை மறைத்து வைப்பதும், பாலத்தின் நடுவைச் சற்றே மேல்நோக்கி வளைத்துக் கட்டுவதும் உண்டு. இந்த மேல்வளைவு உண்மைப் பாலப் பொறியாளரும் கையாளும் யுக்திதான். சிலர் முழுவதையும் பித்தளையில் வெட்டிப் பற்றவைக்கிறார்கள். அது பிரயாசை மிகுந்த வழி, ஆயினும் நெடுங்காலம் நிற்கும்.

வெப்பமும் ஒரு பரீட்சகன்தான். இரண்டரை மீட்டர் ஸ்டைரீன், அறையின் உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். மெய்யான பாலத்தில் ஒரு முனையை அசையாமல் பூட்டி, மறுமுனையை உருளைகளின்மேல் வைத்திருப்பார்கள். மாதிரியில் அந்த உருளைகளை அலங்காரமாக ஒட்டிவிட்டு இரு முனைகளையும் பசையால் இறுக்கியவர், கோடைக் காலத்தில் தம் தண்டவாளம் நெளிவதைக் காண்பார்.

அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அமுக்கப்படும் சட்டம் பெரும்பாலும் ஒரே கட்டியாக இராது. இரு பக்கத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றைக் குறுக்கும் மறுக்குமாக ஓடும் சிறு பட்டைகளால் பின்னியிருப்பார்கள். இரண்டரை அங்குலப் பட்டை எச்.ஓ. அளவில் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் முனையில் உள்ள ரிவெட்டின் தலை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன்மேல் கண்ணாடி வைத்து, இடுக்கியால் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கோணம் பிசகாமல் இட்டு, தூரிகை நுனியில் ஒரு துளி கரைப்பானைத் தொட்டு வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் 1907 ஆகஸ்டு 29-இல், கனடாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் விழுந்து 75 பேர் மாண்டபோது, விசாரணையில் புலப்பட்ட காரணம், அமுக்குச் சட்டங்களின் வடிவமைப்பும் அவற்றைப் பின்னிய பட்டைகளும் போதிய வலிமையற்றிருந்தன என்பதே. அப்பாலத்தைத் திரும்பக் கட்டிய பொறியாளர் குழுவில் நாம் முன்பு கண்ட மோஜெஸ்கியும் ஒருவர். அதுவும் 1917-இல்தான் முடிந்தது. இந்தச் சரித்திரம் தெரிந்தவருக்கு அந்த முக்கால் மில்லிமீட்டர்ப் பட்டையை விட்டுவிட மனம் வராது.

தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய பழைய பாலங்கள் பலவற்றில் ஜல்லி கிடையாது. நெருக்கமாக அடுக்கிய கட்டைகள்மேல் தண்டவாளமும், அதன் உட்புறம் தடம்புரளும் சக்கரத்தைத் தடுத்துக் காக்கும் காவல் தண்டவாளமும் ஓடும். கரையில் போட்ட ஜல்லிப் பாதையை அப்படியே பாலத்தின்மேலும் நீட்டிவிடுவது அனுபவம் இல்லாதவர் செய்யும் பிழை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் இந்தக் கலையின் உயர்வு எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பாலம் இற்று விழும் என்று அஞ்ச வேண்டிய பொறியாளருக்கு உண்மையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அத்தகைய நிர்ப்பந்தம் பெரும்பாலும் இல்லாத இடத்தில், பாரம் எந்த வழியாகத் தூணுக்கு இறங்குகிறது என்பதைக் கற்று, அதைத் தம் கைவேலையில் பார்ப்பவர் படித்தறியும்படி வைக்கிறாரே, அந்த மாதிரிக்காரரின் சிரத்தை சுயேச்சையாக வந்தது. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம்.

இதில் இறங்க ஆசை கொள்ளும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கத்திலேயே மெட்ரோபோலிஸ் பாலத்தில் கை வைக்க வேண்டாம். சென்ட்ரல் வேலி என்னும் நிறுவனம் 150 அடிப் பிராட் பாலம் ஒன்றை எச்.ஓ. அளவில் உறுப்புகளாக விற்கிறது. அது அரை மீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம். பசையைத் திறக்குமுன், அதன் ஒவ்வொரு சட்டத்தையும் கையில் எடுத்து, இது இழுபடுவதா, அமுக்கப்படுவதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் விடை சொல்ல முடிந்த பிறகு கட்டத் தொடங்குங்கள். அதற்கு அடுத்த பாலத்தை நீங்களே வரைந்துகொள்ளலாம்.